பொருளாதாரப் பாடம் கசக்கிறதா?

கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பொருளாதாரம் தெருவிலேயே நடக்கிறது! பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் ஆலைக்குள் போகின்றன. கட்டிடக் கம்பி ஏற்றிய லாரிகள் வெளியே வருகின்றன. ஷிப்டு முடிந்து வரும் கூட்டத்தில் தமிழோடு இந்தியும் கேட்கிறது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பல பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் என்றாலே மனப்பாடந்தான். 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகளைப் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. "சிப்காட் 1971-ல் தொடங்கப்பட்டது" என்று பையன் உருப்போடுகிறான். அதே சிப்காட் பேட்டைக்குத்தான் அப்பா தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்!

இந்த இரண்டையும் இணைக்க ஒரு நல்ல வழி மனவரைபடம். தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டு, பாடத்தின் பெயரை எழுதவேண்டும். அதிலிருந்து மரக்கிளைபோல் கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு செய்தியை எழுதவேண்டும். அவ்வளவுதான். இங்கிலாந்துக்காரர் டோனி புசான் 1974-ல் பி.பி.சி. டெலிவிஷன் மூலம் இதைப் பரப்பினார். நம் அரசுப் பள்ளிகளில் 2007-ஐ ஒட்டி 6, 7, 8 வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியிலும் இது உண்டு.

ஆனால் ஒன்று. வாத்தியார் கரும்பலகையில் வரைய, பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதினால் என்ன பயன்? அதுவும் மனப்பாடந்தான். வட்டம் போட்ட மனப்பாடம்!

அமெரிக்காவில் கார்ப்பிக், பிளண்ட் என்ற இருவர் 2011-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக் கருத்துப்படம் வரைந்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து நன்றாக விடை சொன்னார்கள். ஆகவே, முதலில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். பிறகு வரையட்டும்.

நடுவட்டத்தில் "இரும்புக் கம்பி" என்று எழுதட்டும். பழைய இரும்பு எங்கிருந்து வருகிறது? இத்தனை ஆலைகள் ஏன் ஒரே இடத்தில் கூடின? (ஆல்பிரட் மார்ஷல் என்ற அறிஞர் 1890-லேயே ஆராய்ந்த கேள்வி இது!) பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வரக் காரணம் என்ன? கம்பியின் விலையில் ஜி.எஸ்.டி. எவ்வளவு? கேள்விக்கு ஒரு கிளை.

இதில் பாதிக் கேள்விகளுக்கு அப்பாவே பதில் சொல்லிவிடுவார். அவர் படித்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. தகப்பனிடம் பாடம் கேட்கும் பையனுக்குப் படிப்பில் ஆசை வராமல் போகுமா?

பரீட்சையில் படத்துக்கு மார்க்கு கிடைக்குமா என்று கேட்பீர்கள். மறுநாள் அந்தப் படத்தையும் மூடிவிட்டு, ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மார்க்குக்கு வேண்டிய விடை அதில் வந்துவிடும்.

"ஆலைப் புகைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?" என்று ஒரு பெண் புதுக் கிளை இழுத்தால், அதை அழிக்கச் சொல்லாதீர்கள். பொருளாதாரத்தில் அதுவும் ஒரு பெரிய பாடம்.