நடுங்கும் கை, குழறும் பேச்சு, இளம் வயது

கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது என்று அறுபதைக் கடந்தவர் வந்தால் மருத்துவரின் நினைப்பு பார்கின்சன் பக்கம் போகும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதே குறிகளோடு பதினெட்டு வயதுப் பிள்ளை வந்தால், முதலில் தேட வேண்டியது தாமிரத்தை; அதாவது, உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோயை.

1912இல் இந்நோயை விவரித்த கின்னியர் வில்சனின் நோயாளிகள் இளைஞர்களே. நடுக்கம், தசை இறுக்கம், விழுங்கச் சிரமம், நாளடைவில் அடங்கிப்போன பேச்சு. இவற்றோடு கல்லீரல் சிரோசிஸ். அன்று மருந்தில்லை. 1956இல் ஜான் வால்ஷ், தேங்கிய தாமிரத்தைப் பெனிசிலமைன் சிறுநீர்வழி வெளியேற்றும் என்று காட்டினார். நோயாளிக்குக் கொடுக்கும் முன் தாமே விழுங்கிப் பார்த்தார். படிப்படியாகப் பேச்சைப் பறிக்கும் மரபு நோய்களில் மருந்துக்குக் கட்டுப்படுபவை வெகு சிலவே. அவற்றில் ஒன்றைக் கோட்டைவிடுவது பெரும் பிழை.

ஆனாலும் கோட்டைவிடுவது எளிது. முதலில் கையெழுத்து கெடும், மதிப்பெண் சரியும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். பிள்ளை மனநல மருத்துவரிடம் போவான். மாத்திரை தொடங்கியபின் நடுக்கம் கூடினால், பழி மாத்திரைமேல் விழும். அங்கேதான் காது உதவ வேண்டும். அடித்தள முடிச்சுகளும் சிறுமூளைப் பாதைகளும் சேர்ந்து பாதிக்கப்படுவதால் பேச்சு ஒரே வகைக்குள் அடங்காது: ஒரு சொல் இழுபடும், அடுத்தது வெடித்து வரும், மூன்றாவது முணுமுணுப்பாகத் தேயும். முழங்கையை மடக்கிக் கைகளை மார்புக்கு நேரே பிடிக்கச் சொன்னால் தோளிலிருந்தே சிறகடிப்பதுபோல் ஆடும். வாய் பாதி திறந்திருக்கும், எச்சில் வழியும். பேச்சு அறவே நின்றபின்னும் பிறர் சொல்வது பெரும்பாலும் அவனுக்குப் புரியும்; அவன் எதிரிலேயே அவனை மந்தபுத்தி என்று பேசுவது கொடுமை.

சீரம் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீர்த் தாமிரம், ஸ்லிட் லாம்ப் கண் பரிசோதனை மூன்றும் வேண்டும். அழற்சியிலும் கர்ப்பத்திலும் செருலோபிளாஸ்மின் உயர்வதால் இயல்பான அளவு மட்டும் நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. நம்மவர் கரும்பழுப்புக் கண்ணில் கைசர்-ஃபிளைஷர் வளையம் டார்ச் வெளிச்சத்துக்குத் தப்பிவிடும்.

பெனிசிலமைன் தொடங்கிய வாரங்களில் சிலருக்கு நடுக்கமும் பேச்சும் மோசமாகும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது நல்லது. பேச்சுப் பயிற்சிக்கும் விழுங்கும் திறனுக்கான பரிசோதனைக்கும் முதல் நாளே அனுப்புங்கள்.

உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அறிகுறி தெரியும்வரை காத்திராமல், அண்ணனுக்கு நோய் உறுதியானதுமே தங்கையையும் தம்பியையும் அழைத்துப் பரிசோதியுங்கள்.