நின்ற இடத்தையாவது சொல்லுங்கள்

மைசூருக்குச் சுற்றுலா போகும் தமிழ்நாட்டு வேன்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரை நாள் நிற்கும். ரங்கநாதர் தரிசனம், தரியா தௌலத் மாளிகை, திப்பு சுல்தான் அடக்கமான கும்பஸ், சங்கமத்தில் ஒரு முழுக்கு. இவை முடிந்ததும் வண்டி கிளம்பிவிடும். வந்தவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு பெரும் போர்க்களத்தின் மேல் நடந்தோம் என்பதே தெரிவதில்லை. அது அவர்கள் குற்றமில்லை. தெரிந்துகொள்ள அங்கே போதுமான ஏற்பாடு இல்லை.

1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸ் படை, மே 4-ஆம் தேதி பிற்பகலில் இங்கிருந்த திப்புவின் கோட்டைக்குள் புகுந்தது. கோடையில் காவிரி வற்றிக் கிடந்தது. பீரங்கிகள் பிளந்து வைத்திருந்த சுவர் வழியாகச் சிப்பாய்களை ஆறு கடத்தி அழைத்துப் போனவர் டேவிட் பேர்டு. 1780-இல் பிடிபட்டு, இதே ஊரில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தவர் அவர். அன்று இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திப்புவின் உடல் கிடந்த இடத்தில் ஒரு கல் இருக்கிறது. ஆனால் அவர் வாழ்ந்த இடம்?

கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது லால் மஹால் அரண்மனை. கோட்டை விழுந்த மறு ஆண்டு, 1800-இல், சென்னையிலிருந்து கிளம்பி இந்தப் பகுதி முழுவதையும் சுற்றி எழுதிய பிரான்சிஸ் புக்கானன் அதை நேரில் பார்த்திருக்கிறார். உள்ளே போகும் குறுகலான வழியில் நான்கு புலிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்ததையும், அதைத் தாண்டினால் திப்பு உட்கார்ந்து எழுதும் கூடம் இருந்ததையும் குறித்திருக்கிறார். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த அரண்மனை இல்லாமல் போனது. பீரங்கி அதைச் சாய்க்கவில்லை. போர் முடிந்து, ஊர் அமைதியான பிறகு, ஆட்சிக்கு வந்தவர்களே அதைப் பிரித்துப் போட்டார்கள். இன்று அங்கே மிச்சம் இருப்பது அடித்தளக் கற்களும் மேடும்தான். காவிரி சூழ்ந்த இந்தத் தீவின் கிழக்குக் கோடியில் இருந்த லால்பாக் அரண்மனைக்கும் அதே கதி.

இப்படிப் பிரித்தெடுத்த மரங்களில் ஒரு பகுதியை நாம் இப்போதும் தொட்டுப் பார்க்கலாம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்கு 1829-இல் சென்னை கவர்னர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றிக் கொண்டுவந்தவை. அரண்மனையில் இருந்த மர இயந்திரப் புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கு போட்டார்கள். பொருள்கள் போன இடம் தெரிகிறது. அவை இருந்த கட்டடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைத் தரையில் நிற்பவனுக்குக் காட்ட ஆளில்லை.

கம்பெனிக்காரர்கள் கட்டியதும் தப்பவில்லை. சென்னை எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட், அதற்கு முன்பு இந்தத் தீவில் ஒரு வளைவைச் செங்கல்லால் எழுப்பினார். காவிரிக்கு அவ்வளவு அகலமான வளைவுகளில் பாலம் கட்ட முடியும் என்று நிரூபிப்பதற்காக. நூறடிக்கும் மேற்பட்ட அந்த வளைவு நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்று, 1930-களில் விழுந்தது. பழைய சுற்றுலா நூல்களில் தவறாமல் இடம்பெற்ற காட்சி அது. இப்போது அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

காக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் முடியும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி இருக்கிறது. பெங்களூரு - மைசூரு ரயில் பாதையை இரட்டிப்பாக்கும்போது திப்பு காலத்து வெடிமருந்துக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. 2017-இல் அந்தக் கட்டடத்தை இடிக்காமல், ஜாக்கிகளால் தூக்கி, நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் டன் எடை. ரயிலுக்கு வழி தேவைப்பட்டதால் பணம் வந்தது, பொறியாளர்கள் வந்தார்கள், வேலை நடந்தது. அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு மற்ற இடங்களுக்கும் கிடைக்கக் கூடாதா? மழைக்காலம் வந்தால் கோட்டைச் சுவரில் எங்காவது ஒரு பகுதி சரிகிறது. கல் இடுக்கில் வேர்விட்ட செடியைக் கோடையிலேயே பிடுங்கியிருந்தால் பல இடங்கள் தப்பியிருக்கும். அதற்கு ஜாக்கி வேண்டாம், நாலு கூலியாட்கள் போதும்.

இது ஒரு ஊரின் குறை மட்டுமில்லை. நாடு முழுவதும் மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் 3,693 சின்னங்களில் 50 காணாமல் போய்விட்டன என்று 2022 டிசம்பரில் கலாசார அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டது. 14 நகர வளர்ச்சியில் விழுங்கப்பட்டவை, 12 அணை நீரில் மூழ்கியவை. மீதி 24 இருக்கும் இடமே தெரியவில்லை. காவலர் போடப்பட்டிருந்தது வெறும் 248 சின்னங்களுக்கு. 2024-இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே நீக்க அறிவிப்பு வந்தது. தேட வேண்டிய அரசு பெயரை அடித்துவிடுவதை நம்மால் ஏற்க முடியவில்லை.

தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் படித்துப் பாருங்கள். இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். மிரட்டல் தெளிவாக இருக்கிறது. எதைச் சேதப்படுத்தக் கூடாது, அது யாருடையது, அங்கே என்ன நடந்தது என்று பல இடங்களில் அதே அளவுக்குச் சொல்வதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறார்.

கோட்டைக்குள் குடியிருப்பவர்களின் பாட்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அது ஆள் வாழும் ஊர். 2010-இல் திருத்திய சட்டப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். ஒழுகும் கூரையை மாற்றக்கூட மனு போட்டுக் காத்திருக்க வேண்டிய வீட்டுக்காரருக்குக் கோட்டைச் சுவர் மேல் பாசம் எப்படி வரும்? ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலைப் பார்த்துத் தனி விதிகள் வகுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது. இப்போது புதிய விரைவுச் சாலையும் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. முன்பு ஊருக்குள் நுழைந்து டீ குடித்த வண்டிகள் நிற்காமல் பறக்கின்றன. ஊர்க்காரருக்குப் பிழைப்பும் இல்லை, பெருமையும் இல்லை என்றால் கல்லைக் காக்க யார் முன்வருவார்கள்?

திப்புவைப் பற்றி நாட்டில் இரண்டு கட்சி உண்டு. விடுதலை வீரர் என்பார் ஒருவர், கொடுங்கோலர் என்பார் இன்னொருவர். அவர் பெயரில் நடந்த அரசு விழாவே ஒரு ஆட்சியில் தொடங்கிப் பின்னர் வந்த வேறோர் ஆட்சியில் நின்றது. அந்தச் சண்டைக்குப் பயந்து அதிகாரிகள் ஒதுங்குகிறார்கள் என்றால் அது தவறு. அவரைப் போற்றுபவருக்கும் தூற்றுபவருக்கும் லால் மஹால் நின்ற இடம் ஒன்றுதான்.

அரண்மனையைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. சினிமா செட் போலப் புதுச் சுவர் எழுப்புவது இருக்கும் அடித்தளத்தையும் கெடுத்துவிடும். கேட்பது எளிது. பாரிஸில் 1789-இல் இடித்த பாஸ்டில் கோட்டையின் சுவர் எங்கே ஓடியது என்பதைச் சாலையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதேபோல லால் மஹாலின் அமைப்பைத் தரையில் வரிக்கல்லால் குறிக்கலாம். படை நுழைந்த பிளவு, கோட்டையின் தண்ணீர் வாசல், பிடிபட்ட கம்பெனித் தளபதி கர்னல் பெய்லியின் பெயர் தாங்கிய சிறை, விழுந்த வளைவு எல்லாவற்றையும் நடந்து பார்க்கும்படி ஒரு பாதை வேண்டும். கம்பெனியின் நில அளவையாளர் மெக்கன்சி போன்றோரின் பழைய வரைபடங்களும் ஓவியங்களும் இருக்கின்றன. ஊகிக்க வேண்டியது குறைவு. உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தால் அந்தப் பாதையே அவர்களுக்கு வருமானம். தரியா தௌலத்தில் நுழைவுக்கட்டணம் வாங்கும் பெங்களூரு வட்டத் தொல்லியல் அலுவலகம் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். தனி விதிகளை வகுத்து, குடியிருப்பவர்களின் மனுக்களுக்குக் கால வரம்பும் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுக்கும் இதில் பங்கு இருக்கிறது. தரியா தௌலத்தின் மேற்குச் சுவரை நிறைத்திருக்கும் போர் ஓவியம், காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-இல் நடந்த சண்டை. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதற, கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். காஞ்சியில் இருந்த கம்பெனிப் படையின் தலைமைத் தளபதி மன்றோ உதவிக்கு நேரத்தில் போகவில்லை. பிறகு பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மறு ஆண்டும் அதே ஊரில் சண்டை, அதில் இறந்த இரண்டு அதிகாரிகளுக்கு அங்கே நினைவுத்தூண்கள் நிற்கின்றன. இந்தச் சண்டைகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்ற களம் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்வதும் இதே புள்ளலூரைத்தான்.

புள்ளலூரில் அந்த ஓவியத்தின் பெரிய படி ஒன்றையும், இரண்டு காலத்துப் போர்களையும் சொல்லும் பலகையையும் மாவட்ட ஆட்சியரும் சுற்றுலாத் துறையும் அடுத்த நிதியாண்டுக்குள் வைக்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அந்தச் சுவருக்கு முன்னால், ஓவியத்தில் இருக்கும் களம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர் என்று தமிழிலும் எழுதி வைக்கும்படி நம் அரசு கர்நாடக அரசுக்கும் தொல்லியல் துறைக்கும் கடிதம் எழுத வேண்டும்.