தூசிக்கு ஒரு வாசல்

விடுமுறை நாட்களில் கொல்லைப்புறத்துத் தச்சுப்பட்டறையில் மேஜை நாற்காலி செய்வது நமக்கு ஒரு பித்து. தேக்குத் தூளின் மணத்தைப் பல வருஷம் ஆசையாய் முகர்ந்து வந்தோம். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டதை அறிந்தபோது, அந்த மணம் கசந்தது.

காலடியில் விழும் இழைப்புச் சுருளால் பெரிய கேடில்லை. கண்ணுக்குப் புலப்படாமல் நெடுநேரம் மிதக்கும் நுண்துகளே எமன். தூசி உறிஞ்சும் யந்திரத்தைப் பட்டறைக்குள் வைத்தால், அதன் சாதாரணத் துணிப்பை சுருளைப் பிடித்துக்கொண்டு, நுண்துகளை அறைக்கே திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே யந்திரத்தை வெளிச் சார்ப்பின் கீழ் நிறுத்தி, சுவரைத் துளைத்து, வளைவுகள் குறைந்த 6 அங்குலக் குழாயை உள்ளே விட்டோம். பையைக் காலி செய்யும்போது எழும் புழுதியும் வெளியோடு போகும்.

முதல் நாள், கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு ஓட்டினோம். யந்திரம் உறுமிற்று, இழுப்போ குன்றிற்று. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டும் என்பதைப் பள்ளியில் போதிக்கும் நாமே மறந்திருந்தோம்! எதிர் ஜன்னலைத் திறந்ததும் சீராயிற்று.

மறுநாள் அடுத்த வீட்டு மாடியில் வடாம் உலர்வதைக் கண்டோம். நம் மூச்சைக் காக்க அவர்கள் வடாத்தில் தூசியைத் தூவுவதா? நுண்துகளையும் தடுக்கும் வடிகட்டியைப் பூட்டிய பிறகே மறுபடி விசையைத் தட்டினோம்.