கயிறு யார் கையில்?



காங்கேயம் மாட்டுக் கன்றைப் பார்த்திருக்கிறீர்களா? பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலையாகிவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள், 'அதே கன்றுதானா இது?' என்று வியந்து போவார்கள்.

உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி உருமாறி வளரும் ஒன்று இருக்கிறது. அதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம், தமிழில் இயங்குதளம். காளை எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், கயிற்றைப் பிடித்து ஓட்ட ஆள் இல்லாவிட்டால் வண்டி சந்தைக்குப் போய்ச் சேருமா? கம்ப்யூட்டர் காளை என்றால், இயங்குதளம்தான் வண்டிக்காரர். கீபோர்டு, திரை, பிரிண்டர் எல்லாம் அவர் சொன்னபடிதான் கேட்கும்.

1981ல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டருடன் வந்தது 'டாஸ்'. அதில் படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையையும் எழுத்துப் பிசகாமல் டைப் செய்ய வேண்டும். 1985ல் முதல் 'விண்டோஸ்' வந்தது. அதன்பின் வந்த பதிப்புகளில், மவுசால் சின்னப் படத்தைத் தட்டினாலே வேலை நடந்தது. எத்தனை வசதி! ஆனால், அதன் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கவோ, மாற்றவோ நமக்கு அனுமதி இல்லை. கயிறு கம்பெனியின் கையில்!

1991ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கினார். அதைப் பூட்டி வைக்காமல், 'பாருங்கள், திருத்துங்கள்' என்று எல்லாருக்கும் கொடுத்தார். உலகெங்கும் பலர் கைகொடுத்தார்கள். அதுதான் 'லினக்ஸ்'. உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனின் அடிப்படையும் இதே லினக்ஸ்தான்!

இந்தக் கன்று நம் ஊருக்கும் வந்தது. 'டெபியன்' என்ற லினக்ஸ் வகையை எடுத்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளைச் சேர்த்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' லினக்ஸை உருவாக்கியது. முதல் பதிப்பு 2007ல் வந்தது. 2013ல் ஐந்தாவது பதிப்பு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோசும் இருந்தது, பாஸ் லினக்சும் இருந்தது. உங்கள் அக்கா, அண்ணனிடம் கேளுங்கள்: "அந்த இரண்டாவதைத் திறந்து பார்த்தீர்களா?"

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்கிறீர்களா? விண்டோஸ் 10க்கு வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு உதவி, 2025 அக்டோபர் 14ல் நின்றுபோனது. விண்டோஸ் 11ஐ ஏற்க முடியாத பழைய கம்ப்யூட்டர்கள் பல. காளை நன்றாக இருக்கிறது; வண்டிக்காரர்தான் விலகிவிட்டார். அதற்காக நல்ல காளையை அடிமாட்டுக்கு அனுப்புவதா? பழைய கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய லினக்ஸ் வகைகள் இருக்கின்றனவே!

அவசரப்பட்டு நீங்களே மாற்றிவிடாதீர்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகலாம். கம்ப்யூட்டர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்க முடியும். மெனுவைத் தமிழில் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு சொல் சரியில்லை என்று தோன்றுகிறதா? நல்ல சொல்லை நீங்களே எழுதி அனுப்பலாம். அதைச் செய்பவர்களும் உங்களைப் போல ஒரு நாள் தொடங்கியவர்கள்தான்.

ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கண்ணுகளா! வண்டி எப்படி ஓடுகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் கயிறு உங்கள் கையில் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்