கீழ்ப்படியாத சீடர்

முழு இருதயத்தோடு பின்பற்ற வேண்டும் என்பது நம் சபைகளில் அடிக்கடி காதில் விழும் வாசகம். நடைமுறையில் அதற்குப் பெரும்பாலும் எளிய அர்த்தம்தான்: ஞாயிறு தவறாமல் வர வேண்டும், தசமபாகம் தர வேண்டும், போதகர் சொன்னதை மறுத்துப் பேசக்கூடாது. இந்த அளவுகோலை வைத்தால் பண்டித ரமாபாய் தேறமாட்டார். 1989இல் தபால்தலை வெளியிட்டுக் கடமையை முடித்துக்கொண்ட அரசுக்கு அவர் ஒரு சமூக சீர்திருத்தவாதி. அவருடைய மதம் சற்று சங்கடமான விஷயம். சபைகளுக்கோ அவருடைய மதம் பெருமை. அவருடைய நாக்குதான் சங்கடம்.

1858இல் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவிக்கும் மகள்களுக்கும் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்த குற்றத்துக்காகச் சொந்த சமூகத்தின் பகையைச் சம்பாதித்தவர். கோயில் கோயிலாகப் புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம். 1870களின் பஞ்சத்தில் தாய், தந்தை, அக்கா மூவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். எஞ்சிய அண்ணனும் தங்கையும் நாடெங்கும் நடந்து 1878இல் கல்கத்தா சேர்ந்தார்கள். பாகவதத்தை மனப்பாடமாக ஒப்பித்த இருபது வயதுப் பெண்ணை அங்கிருந்த பண்டிதர்கள் பரீட்சித்துப் பார்த்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு ஒரு வங்காள வக்கீலைக் கலப்புமணம் செய்துகொண்டார். 1882இல் அவரும் காலராவுக்குப் பலி. கையில் மனோரமா என்ற பெண் குழந்தை. வயது இருபத்துமூன்று.

மருத்துவம் படிக்க வேண்டும் என்றுதான் 1883இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காது மந்தம் என்பதால் அந்த வழி அடைபட்டது. வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று அவரும் குழந்தையும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குச் சற்று முன்புதான் அவருடன் வந்திருந்த தோழி ஆனந்திபாய் பகத் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். பக்தி நூல்கள் இந்தச் சாவை ஓரிரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. அந்த நிழலில் நடந்த ஞானஸ்நானம் அது.

தண்ணீரில் இறங்கியதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று மடத்தார் நினைத்தார்கள். ரமாபாய்க்கு அங்கேதான் ஆரம்பம். திரித்துவக் கோட்பாட்டுக்கு வேதத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டார். சபையின் விசுவாசப் பிரமாணத்தை ஏன் அப்படியே விழுங்க வேண்டும் என்று கேட்டார். ஞானத்தாயான சிஸ்டர் ஜெரால்டைன் அகங்காரம் என்று கண்டித்தார். பிராமணப் புரோகிதர்களின் நுகத்தடியிலிருந்து இப்போதுதான் கழுத்தை எடுத்திருக்கிறேன், அதேபோன்ற இன்னொன்றில் உடனே மாட்டிக்கொள்ள உத்தேசமில்லை என்ற கருத்துப்பட ரமாபாய் எழுதினார். ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்துவது இந்தியாவில் அவருடைய பெயரைக் கெடுக்கும் என்று பிஷப்புகள் தடை சொன்னபோது அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊர் ஊராக ஆண்கள் கூடிய சபைகளில் சாஸ்திரம் பேசி வளர்ந்தவரிடம் போய் இதைச் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்தது சிலுவைச் சண்டை. அணியும் சிலுவையில் லத்தீன் வாசகம் எதற்கு, எனக்கோ என் நாட்டுப் பெண்களுக்கோ அது புரியுமா, சமஸ்கிருதம் எந்த விதத்தில் தாழ்ந்தது என்று கேட்டார். புது மதத்துக்காக உயிரையும் கொடுக்கத் தயார். அதை ஐரோப்பியச் சட்டை போட்டுக்கொண்டு பின்பற்றத் தயாரில்லை. கடைசிவரை சைவ உணவு, வெள்ளைப் பருத்திச் சேலை. ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கடிதங்களை எல்லாம் பத்திரமாகத் தொகுத்து வைத்தவர் அந்த ஜெரால்டைனேதான். அதனால்தான் 1977இல் அவை புத்தகமாக வர முடிந்தது.

அமெரிக்கா சென்று 'உயர்சாதி இந்துப் பெண்' நூலை 1887இல் வெளியிட்டு, நிதி திரட்டித் திரும்பியவர், 1889இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காக சாரதா சதன் தொடங்கினார். அடுத்த ஆண்டு புனேவுக்கு மாற்றினார். மதப் பிரசாரம் இருக்காது என்பது ஒப்பந்தம். ஆனால் அவர் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபித்தார். சிறுமிகள் வந்து உட்கார்ந்தார்கள். திலகரின் 'கேசரி' கொதித்தது. 1893இல் ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவை விட்டு விலகினார்கள். நான் ரமாபாயின் பக்கம்தான். ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் வெறியர்கள் என்று சொல்லிவிட முடியாது. சோறும் பாதுகாப்பும் தருகிற கை ஜெபத்துக்காகக் குவியும்போது, தலைமழித்து வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பன்னிரண்டு வயதுப் பெண் எவ்வளவு சுதந்திரமாகத் தீர்மானிப்பாள்? ரமாபாய் தரப்பு பதில் இதுதான்: அந்தப் பெண்ணுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? இரண்டு கேள்விகளும் இன்னும் அப்படியே நிற்கின்றன.

இந்தக் காலத்தில்தான் அவருக்குள் வேறொன்று நடந்தது. கிறிஸ்தவ மதத்தைக் கண்டுகொண்டேன், கிறிஸ்துவை அல்ல என்று தன் எட்டாண்டு வாழ்க்கையைப் பற்றிப் பின்னாளில் எழுதுகிறார். இதற்குப் பிறகு கேள்விகள் குறைந்தன என்று பக்தர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிவதெல்லாம், வேலை பெருகியது என்பதுதான். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய் அநாதைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். பஞ்சத்தில் எல்லோரையும் பறிகொடுத்தவருக்கு அந்த எலும்புக்கூடுகள் அந்நியமல்ல. புனே மாவட்டம் கேட்காவில் நூறு ஏக்கரில் முக்தி சதன் எழுந்தது. குஜராத் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, 1900 வாக்கில் அங்கே 1,500 பேருக்கு மேல் இருந்தார்கள். கிணறு, பசு மாடுகள், தறி, எண்ணெய்ச் செக்கு, அச்சகம், பார்வையற்றவர்களுக்கு பிரெய்ல். 1905இல் நடந்த எழுப்புதல் பற்றிப் பெந்தெகொஸ்தே வட்டாரத்தில் நிறையப் பேசுகிறார்கள். என் கண் அச்சகத்தின் மீதுதான் போகிறது.

ஐம்பதை நெருங்கும் வயதில் ரமாபாய் எபிரெயமும் கிரேக்கமும் கற்றுக்கொண்டு விவிலியத்தை மூலத்திலிருந்து மராத்தியில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். ஏற்கெனவே இருந்த மொழிபெயர்ப்பு பண்டித நடை, கிராமத்துப் பெண்ணுக்குப் புரியாது என்பது அவர் வாதம். இந்து தத்துவ வாசனை வீசும் சமஸ்கிருதச் சொற்களைத் தேடித்தேடி விலக்கினார். லத்தீனுக்கு எதிராக சமஸ்கிருதத்துக்கு வக்காலத்து வாங்கியவர்! நமக்கும் இந்தச் சங்கடம் புதிதல்ல. சீகன்பால்குவின் சர்வேசுரன், பப்ரிசியஸின் பராபரன், பிறகு தேவன், இப்போது கடவுள் என்று தமிழ் விவிலியம் ஒரே சொல்லுக்கு நான்கு முறை அலைந்திருக்கிறது. ஆனால் இங்கே ஒருவர் தன் குழந்தைப் பருவத்து மொழியை, தகப்பனார் ஊர்ப்பகையை விலையாகக் கொடுத்துத் தந்த மொழியை, பட்டம் வாங்கித் தந்த மொழியை, சொல் சொல்லாகத் தன் எழுத்திலிருந்து களைகிறார். சொத்தை விட்டுக்கொடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் எனக்கு இது அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பலன்? மூலத்தை அடியொற்றிப் போனதில் நடை பல இடங்களில் முரடாகிவிட்டது. பழகிய சொல்லை விலக்கினால் அந்த இடத்தை நிரப்பும் சொல் எளிமையாக இருக்கும் என்று நிச்சயமில்லை.

1921 ஜூலையில் வாரிசாக இருக்க வேண்டிய மனோரமா இறந்தார். ரமாபாய் மெய்ப்புத் திருத்தத்தை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5இல் காலமானார். கடைசி மெய்ப்பைப் பார்த்து முடித்த பிறகே போனார் என்று முக்தியில் சொல்வதுண்டு. முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது. அந்த எழுத்துகளை அச்சுக்கோத்தவர்கள் முக்தியில் வளர்ந்த பெண்கள். மராத்திச் சபைகளில் அந்தப் பதிப்பு பரவலாக வழக்கத்துக்கு வரவில்லை. கேட்காவ் இல்லம் இன்றும் நடக்கிறது.