‘ஆக்சஸ் டினைடு’... சாவியை யாரிடம் கொடுப்பது?

இந்த வாரக் கேள்வி திருப்பூர் வாசகி ஒருவருடையது. பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார்.

“வாராவாரம் சனிக்கிழமை கூலி போடணும். அந்தப் பட்டியலை கிரிஸ்டல் ரிப்போர்ட்ல எடுப்போம். இத்தனை நாள் என் கம்ப்யூட்டர்ல ஓடிட்டு இருந்த சாஃப்ட்வேரை, போன மாசம் புது சர்வருக்கு மாத்தினாங்க. சைட் திறக்குது, லாகின் ஆகுது. ரிப்போர்ட்டைத் தொட்டா மட்டும் ‘ஆக்சஸ் டினைடு’, இல்லைன்னா ‘லோட் ரிப்போர்ட் ஃபெயில்டு’. சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த தம்பி, ‘ஃபோல்டருக்கு எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துருங்க அக்கா, சரியாயிடும்’னு போன்ல சொல்றார். கொடுக்கலாமா?”

கொடுத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். சிக்கலே அதுதான். சரியாகிவிட்டதும் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். திறந்த கதவு திறந்தபடியே கிடக்கும்.

முதலில் இந்த எரர் ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். உங்கள் போனில் புது ஆப் போட்டால், ‘கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கவா?’ என்று கேட்கும். நீங்கள் விரலால் தட்டினால் வேலை முடிந்தது. சர்வரில் அப்படித் தட்ட ஆள் கிடையாது. அனுமதி இல்லையென்றால், கேட்காமலேயே மறுத்துவிடும்.

அதைவிட முக்கியமானது, யாருக்கு மறுக்கிறது என்பது. வாசகி தன் கம்ப்யூட்டரில் ஓட்டியபோது அந்த சாஃப்ட்வேர் அவருடைய லாகினில் ஓடியது. அவரால் திறக்க முடிந்த எல்லா ஃபோல்டரையும் அதுவும் திறந்தது. விண்டோஸ் சர்வரில் வெப்சைட்டை ஓட்டுவது ஐஐஎஸ் என்ற மென்பொருள். அது ஒவ்வொரு சைட்டையும் ‘அப்ளிகேஷன் பூல்’ என்ற தனி அறையில் வைத்து, அந்த அறைக்கென்று ஒரு தனிக் கணக்கில் ஓட்டும். வேண்டுமென்றே அதிகாரம் குறைக்கப்பட்ட கணக்கு அது. நீங்கள் சர்வரில் அட்மினாக லாகின் செய்து, ‘எனக்கு எல்லாம் திறக்குதே!’ என்று எத்தனை முறை பார்த்தாலும் பயன் இல்லை. கதவைத் தட்டிக்கொண்டிருப்பது வேறு ஆள்.

கிரிஸ்டல் ரிப்போர்ட்டில் இன்னொரு சங்கதி உண்டு. ரிப்போர்ட் ஃபைலை அது இருந்த இடத்திலேயே திறக்காது. முதலில் அதை ஒரு டெம்ப் ஃபோல்டரில் நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலைத்தான் திறக்கும். பெரும்பாலும் அது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டெம்ப்’. ரிப்போர்ட் இருக்கும் ஃபோல்டருக்கு என்னதான் அனுமதியை வாரி வழங்கினாலும், டெம்ப்பில் எழுத முடியாவிட்டால் அதே எரர்தான் வரும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு ஃபோல்டராகக் கொடுத்துப் பார்த்து, சரியாகவில்லை என்று அடுத்தது, அதற்கடுத்தது என்று கொடுத்து, கடைசியில் முழு டிரைவையும் திறந்துவிடுகிறார்கள்.

எவ்ரிஒன் என்றால் அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும். ஃபோல்டர் நெட்வொர்க்கில் ஷேர் செய்யப்பட்டிருந்தால், ஷேரில் போட்டிருக்கும் அனுமதியைப் பொறுத்து ஆபீஸ் முழுக்கவும் திறந்துவிடலாம். கூலிப் பட்டியலில் என்ன இருக்கும்? பெயர், வங்கிக் கணக்கு எண், பிஎஃப் எண், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பிடித்தம். அதே ஃபோல்டரில் ‘வெப் கான்ஃபிக்’ என்று ஒரு ஃபைல் இருக்கும்; டேட்டாபேஸின் பாஸ்வேர்டு பல நேரங்களில் அதில்தான் எழுதியிருக்கும்.

அதோடு முடியவில்லை. ஃபுல் கன்ட்ரோல் என்றால் எழுதவும் அனுமதி. சைட்டில் எங்காவது ஓட்டை இருந்து, வெளியாள் அதன் வழியாக ஒரு புரோகிராம் ஃபைலை உள்ளே போட முயல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைட் ஃபோல்டரில் படிக்க மட்டும் அனுமதி இருந்தால் அங்கே அந்த முயற்சி தோற்கும். எழுதும் அனுமதி இருந்தால் ஃபைல் உட்கார்ந்துகொள்ளும். பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டியே அவரால் அதை ஓட்ட முடியும். தொழிலாளிகளின் விவரங்களைக் காப்பது கம்பெனியின் பொறுப்பு. போனில் யோசனை சொன்ன தம்பி அன்றைக்கு பதில் சொல்ல வரமாட்டார்.

சரி, என்ன செய்வது? ஊகிப்பதை நிறுத்திவிட்டு, எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று சர்வரிடமே கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் ‘பிராசஸ் மானிட்டர்’ என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அட்மினாகத் திறந்தால் போதும். ஃபில்டரில் பிராசஸ் பெயராக ‘டபிள்யூ3டபிள்யூபி டாட் இஎக்ஸ்இ’ என்று கொடுங்கள். சைட்டை ஓட்டும் பிராசஸ் அதுதான். ரிசல்ட் என்ற இடத்தில் ‘ஆக்சஸ் டினைடு’ என்று கொடுங்கள். இப்போது அந்த ரிப்போர்ட்டை ஒருமுறை திறந்து எரரை வரவழையுங்கள். எந்த ஃபோல்டரில் தடுக்கப்பட்டது என்று வரிசையாகக் காட்டும். பார்த்ததும் நிறுத்திவிடுங்கள், ஓடவிட்டால் மெமரியைத் தின்னும்.

அடுத்து, அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் பூலின் கணக்கைச் சேர்க்க வேண்டும். தேடினால் அந்தக் கணக்கு யூஸர் பட்டியலில் வராது. ‘ஐஐஎஸ் ஆப்பூல்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு பின்சாய்வுக் கோடு போட்டு, பூலின் பெயரை எழுத வேண்டும். லொக்கேஷனில் ஆபீஸ் டொமைன் இருந்தால், அதே சர்வரின் பெயருக்கு மாற்றுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் ‘பெயரே கிடைக்கல’ என்று விட்டுவிட்டு எவ்ரிஒன்னுக்குத் தாவியவர்கள் நிறைய. ரிப்போர்ட் ஃபோல்டருக்கு ‘ரீட்’ போதும். டெம்ப்புக்கு ‘மாடிஃபை’. அவ்வளவுதான்.

லினக்ஸ் சர்வர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சிஹெச்மாட் 777’ என்பது உங்கள் ஊர் எவ்ரிஒன். படிக்க 4, எழுத 2, இயக்க 1, மொத்தம் 7. ஓனர், குரூப், மற்றவர்கள் என மூன்று பேருக்கும் முழுசாகக் கொடுத்தால் 777. உபுன்டுவில் அப்பாச்சி ஓடுவது ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற கணக்கில். எழுத வேண்டிய ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அதை ஓனராக்கினால் போதும்.

எரர் எல்லாமே பர்மிஷன் எரர் கிடையாது. ‘லாகின் ஃபெயில்டு’ என்று வந்தால் அது டேட்டாபேஸின் கதவு. ஃபோல்டரைத் தொட்டு பிரயோஜனம் இல்லை. காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்கு மேல் ‘லோட் ரிப்போர்ட் ஃபெயில்டு’ வருகிறதா? கிரிஸ்டல் ரிப்போர்ட் ஒரே நேரத்தில் 75 வேலைகளைத்தான் வைத்துக்கொள்ளும்படி ஆரம்பத்தில் அமைக்கப்பட்டிருக்கும். திறந்த ரிப்போர்ட்டை புரோகிராம் மூடாமல் விட்டால் அந்தக் கணக்கு நிரம்பிவிடும். அதைச் சரிசெய்வது தம்பியின் கோடில் இருக்கிறது. ‘க்ளோஸ்’, ‘டிஸ்போஸ்’ இரண்டையும் போட்டாரா என்று கேளுங்கள், அவருக்குப் புரியும்.

இதற்கிடையே சனிக்கிழமை வந்துவிட்டால்? பழைய கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் இன்னும் இருந்தால், அதை சர்வரின் டேட்டாபேஸோடு இணைத்துப் பட்டியலை பிடிஎஃப் ஆக எடுத்து கூலியைப் போட்டுவிடுங்கள். அவசரத்தில் திறக்கும் கதவுகள்தான் மூடப்படாமலே போகின்றன.

ஏற்கெனவே எவ்ரிஒன் கொடுத்துவிட்டீர்கள் என்றால், முதலில் பூலின் கணக்கைச் சேருங்கள், பிறகு எவ்ரிஒன்னை நீக்குங்கள். இந்த வரிசையில் செய்தால் வேலை நிற்காது. சிலர் அந்தக் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பிலேயே சேர்த்து வைத்திருப்பார்கள். அதிலிருந்தும் எடுத்துவிட்டு பூலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். செய்யாவிட்டால் பழைய அதிகாரத்தோடே ஓடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் வியாழக்கிழமையே முடித்து, போன வாரக் கூலிப் பட்டியல் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.