நாலு என்கிற சாட்சி

மெக்ஸிகோவின் நாவாட்ல் மொழியில் நான்கிற்கு 'நாவி' என்று பெயர். ருஷ்யாவின் வடக்கே பேசப்படும் கோமியில் 'ஞோல்'. நாம் 'நாலு' என்கிறோம். நம்மவர்களுக்கு இது போதும். உடனே மேடை, மாலை, உலகத் தாய்மொழி.

இருபது வருஷங்களுக்கு முன் இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தில் கைதட்டல் வாங்கியவன் நான். அதனால் இதை எழுத எனக்கு யோக்யதை உண்டு. அன்று மற்ற எண்களை நான் பார்க்கவில்லை. அது அறியாமை அல்ல, சௌகரியம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து: நாவாட்லில் ஸே, ஓமே, யேயி, மாக்வில்லி, கோமியில் ஒதிக், கிக், குயிம், வித். ஐந்து சாட்சிகளில் நாலு பேர் மறுக்க, ஒருவன் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவதா ஆராய்ச்சி?

1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைச் 'சித்திய' இனத்தோடு சேர்த்துப் பேசினார். கோமியின் உறவான பின்னிய மொழியும் அந்த இனத்தில் அடக்கம். 1940களில் பர்ரோ உடலுறுப்புச் சொற்களை வைத்து அதே கதவைத் தட்டிப் பார்த்தார். உறவு இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் அவர்கள் இலக்கணத்தோடு மல்லுக்கட்டினார்கள். நாவாட்லின் சொந்தக்காரர்களோ ஹோப்பியும் கொமாஞ்சியும்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? கூடும். கோமியில் வீடு 'கெர்கா'. வீடுகளில் என்பது 'கெர்கா-யாஸ்-இன்': பெயர், பன்மை, வேற்றுமை, நம் வரிசையேதான். நாவாட்ல்காரன் 'நான் இறைச்சி தின்கிறேன்' என்பதை 'நி-நக்கா-க்வா' என்று ஒரே சொல்லில் முடிக்கிறான். நமக்கு வாலில் வரும் தன்மை அவனுக்குத் தலையில். இறைச்சி வினைக்குள்ளேயே போய்விட்டது. உறவில்லாமலே ஒத்துப்போவதுதான் வியப்பு. கவிதை எழுதுகிறவன் இதிலிருந்து தன் வாக்கியத்தைப் பற்றி ஏதாவது கற்கலாம். 'நாவி'யிலிருந்து பெருமையைத் தவிர என்ன கிடைக்கும்?

நான் இருப்பது திருக்கடையூர். பக்கத்தில் தரங்கம்பாடி. 1706இல் அங்கே இறங்கிய சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1716இல் ஹாலேயில் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் அச்சிட்டார். நாவாட்லுக்கு மொலினா 1571இலேயே அதைச் செய்துவிட்டார். இவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள். ஆனாலும் மொழியைக் கற்றார்கள். உறவு கொண்டாடும் நம்மில் எத்தனை பேர் கோமியில் ஒரு வாக்கியம் படித்திருக்கிறோம்?

இந்த ஊருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள், காலமெல்லாம் கூட வாழ்ந்தவளுக்குத்தான் மறுபடி தாலி கட்டுகிறார்கள். நாம் முகம்கூடப் பார்க்காத மொழிகளுக்குக் கட்டக் கிளம்பியிருக்கிறோம்.